போய்த் திரும்பும் நேரம்

ஜெர்மனி,
14.2.1996

பூரணி,

உன் வீட்டுக்காரர் ஜெரால்டு எனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறார். உனக்குத் தெரியாமல் போட்டதாக அவரே எழுதியிருக்கிறார், அதனால் அவரைத் திட்டாதே. மின்வாரியத்துக் கையெழுத்து, பாதி புரியவில்லை. புரிந்த பாதியே போதும்.

ஆஷ்லின் பிறந்ததிலிருந்து உனக்கு வெளிக்குப் போவது அடங்குவதில்லையாம். பதின்மூன்று வருஷமாக. வருவது தெரிவதற்குள் வந்துவிடுகிறது, சேலை நனையாத நாள் வாரத்தில் இரண்டோ மூன்றோதான் என்கிறார். அம்மா அடக்கப் பூசையில் நீ பாதியில் எழுந்து போனதும் அதனால்தானாம்.

நான் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ். ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் துடைத்துவிடுகிறேன். கூடப் பிறந்தவளுக்கு இப்படி என்பது எனக்குத் தபாலில் வந்து சேர்கிறது.

அன்று கல்லறையிலிருந்து வந்து, வீடு நிறையச் சொந்தம் உட்கார்ந்திருக்க, நான் உன்னைக் கேட்டது எனக்கு மறக்கவில்லை. "பெத்தவளுக்கு ஒரு பிடி மண்ணு போட ஒனக்கு நேரமில்லயாடி?" என்றேன். நீ வாயைத் திறக்கவில்லை. மறுநாள் உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் விமானம் ஏறினேன். ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரு வார்த்தை, என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கக் கூடாதா?

பதில் போடு.

மெர்சி


காரைக்குடி,
9.3.1996

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு வாரமாக ஜெரால்டு என் கண்ணில் படாமல் நடமாடுகிறார். ஊரில் எந்தக் கம்பம் சாய்ந்தாலும் முதல் ஆளாக ஓடிப்போய் நிற்கிறார்.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நற்கருணை கொடுக்கிற நேரம். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், எனக்கு முன்னால் அம்மா பெட்டி. வயிறு ஒன்றும் சொல்லவில்லை. அது சொல்லாது. துணி நனைந்த பிறகுதான் எனக்கே தெரியும். பக்கவாசல் வழியாக வெளியே வந்து, பின்சந்தில் ஓடி, அம்மா வீட்டில் குளித்து மாற்றிக்கொண்டு கல்லறைப் பாதைக்கு வந்தால், எல்லாரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் நீங்கள் வந்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்ததும் எதையும் சொல்லத் தோன்றவில்லை.

மற்றபடி என் நாள் இதுதான். பள்ளத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்கு எட்டேகால் பஸ். காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை, காபியைத் தொடுவதே இல்லை. பையில் ஒரு சேலை, ஒரு பாவாடை, கிழித்த பழைய வேட்டி, பிளாஸ்டிக் கவர். பள்ளிக்கூடத்து ஆயா நாகவல்லி சாக்பீஸ் பெட்டிக்குக் கீழே எனக்காக இன்னொரு சேலை வைத்திருக்கிறாள். அவளுக்கு மட்டும் தெரியும். கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, மோந்து தெரிந்துகொண்டாள், யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணம், காட்சி எதற்கும் நான் போவதில்லை. டீச்சர் வேலைக்குப் போனதிலிருந்து எனக்குத் தலைக்கனம் என்று சொந்தத்தில் பேச்சு. பேசட்டும். தலைக்கனம் நாற்றமடிக்காது.

அலுப்பாக இருக்கிறது. உங்கள் மேல் கோபப்படக்கூடத் தெம்பில்லை. இதைப் பற்றி மேற்கொண்டு எழுத வேண்டாம்.

ஞானபூரணி


ஜெர்மனி,
2.4.1996

பூரணிக்கு,

நீங்கள், உங்கள் என்று எழுதியிருக்கிறாய். எழுதிக்கொள். மேற்கொண்டு எழுதாமல் இருக்க நான் உன் மூன்றாம் வகுப்புப் பிள்ளை இல்லை.

பொறுமையாகப் படி. இங்கே ஒரு டாக்டர் இரண்டு வருஷமாகப் புதிதாக ஒன்று செய்துபார்க்கிறார். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் இருக்கும் எலும்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. அந்த ஓட்டைகள் வழியாகத்தான் கீழே அடக்குகிற தசைக்குப் போகும் நரம்புகள் வெளியே வருகின்றன. மெல்லிய ஊசியை அதில் விட்டு, துளியூண்டு கரண்ட் கொடுப்பார். சரியான நரம்பு என்றால் கால் பெருவிரல் மடங்கும். மடங்கினால் ஊசி இருந்த இடத்தில் ஒரு கம்பியை விட்டு, வெளியே இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டிவிடுவார்கள். பத்து நாள் பார்ப்பார்கள். குணம் தெரிந்தால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு பெட்டியை அடிவயிற்றுத் தோலுக்குள் வைத்துத் தைத்துவிடுவார்கள். அது ஓயாமல் நரம்பைத் தட்டிக்கொண்டே இருக்கும். இன்னும் சிலருக்குத்தான் செய்திருக்கிறார்கள். எல்லாருக்கும் பலிக்கவில்லை. பலித்த ஒருத்தியை நான் பார்த்தேன், ஆறு வருஷம் கழித்து ரயிலேறினாளாம்.

உன்னைப் பற்றி டாக்டரிடம் பேசினேன். அவர் ஒன்றுதான் கேட்டார். தசை கிழிந்துபோய் இரண்டாகக் கிடந்தால் இந்த வைத்தியம் உதவாது, முதலில் தசையைச் சேர்த்துத் தைக்க வேண்டும். தசை முழுசாக இருந்து நரம்பு மட்டும் தூங்கினால்தான் இது. அதனால் எனக்கு விவரம் எழுது. ஆஷ்லின் பிறந்தபோது கிழிந்ததா, எவ்வளவு ஆழம், யார் தைத்தார்கள், அதற்குப் பிறகு யாராவது பார்த்தார்களா? சென்னையில் இதற்கு ஸ்கேன் வந்திருக்கிறது என்கிறார்கள். போய் எடு.

மெர்சி


காரைக்குடி,
23.6.1996

அக்காவுக்கு,

பள்ளிக்கூடம் திறந்த வேலையில் பதில் தாமதம். உங்கள் கடிதத்தை ஜெரால்டு நாலு தடவை படித்தார். "ஊருக்கெல்லாம் நான் கரண்டு குடுக்குறேன், ஒனக்கு மட்டும் ஜெர்மன்காரன் வந்து குடுக்கணுமாக்கும்" என்றார். பதின்மூன்று வருஷத்தில் இதைப் பற்றி அவர் அடித்த முதல் கிண்டல். சிரித்துவிட்டேன். சிரிக்கும்போதும் அடக்கிக்கொண்டுதான் சிரிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு சந்தேகம். ஜெர்மனிக்கு எத்தனை மணி நேரம்? பள்ளத்தூருக்கு இருபது நிமிஷம் போவதற்கே நான் முந்தின நாள் ராத்திரியிலிருந்து பட்டினி கிடக்கிறேன். உங்கள் வைத்தியத்துக்கு வந்து சேர்வதற்கே அந்த வைத்தியம் முதலில் ஆகியிருக்க வேண்டும் போலிருக்கிறது.

போன வாரம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழாம் வாய்ப்பாட்டில் வந்துவிட்டது. முன் பெஞ்சில் ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்துப் பெண்ணைப் பார்த்தாள். பக்கத்துப் பெண் தான் இல்லை என்று தலையாட்டி அழ ஆரம்பித்துவிட்டாள். பிள்ளைகளில் ஒருத்தி மேல் பழி விழுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று என்னை எனக்கே பிடிக்கவில்லை.

கிழிந்ததா, யார் தைத்தார்கள் என்பதெல்லாம் எனக்கு நினைவில்லை. மயக்கத்தில் இருந்தேன். சென்னைக்கெல்லாம் போக முடியாது. விட்டுவிடுங்கள்.

பூரணி


ஜெர்மனி,
15.7.1996

பூரணி,

உனக்கு நினைவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ மயக்கத்தில் இல்லை. மயக்க மருந்து கொடுக்க ஆளே இல்லை.

டாக்டருக்கு வேண்டிய கேள்விகளை நர்ஸ் பழக்கத்தில் அப்படியே எழுதி அனுப்பும்போது எனக்கு உறைக்கவில்லை. உன் பதிலைப் படித்த பிறகுதான் பேனாவைக் கீழே வைத்தேன். தைத்தது நான்.

செபஸ்தியார் திருவிழா முடிந்த மறுநாள். நான் வேலை பார்த்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கொண்டுவந்தார்கள். வலி கண்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. சப்பரம் வாசலுக்கு வரட்டும் என்று உன்னை வீட்டிலேயே வைத்திருந்ததாக அம்மா சொன்னாள். டாக்டரம்மா மதுரைக்குப் போயிருந்தார். பிள்ளை வந்துவிட்டது, நீ பின்னால் வரை கிழிந்திருந்தாய், ரத்தம் நிற்கவில்லை. அந்த ஆழத்தில் நர்ஸ் கை வைக்கக் கூடாது. பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். வைத்தேன். முடித்து வெளியே வந்து அம்மாவிடம், "டாக்டரே வந்தாலும் இப்பிடித்தாம்மா தைப்பாக" என்று பெருமையடித்தேன். அந்தப் பெருமைதான் இப்போது காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

மறு வருஷம் ஜெர்மனிக்கு வந்துவிட்டேன். நீ துவைத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

இதை மறைக்கத்தான் பதின்மூன்று வருஷமாக என்னிடம் எதுவும் சொல்லவில்லையா? நான் இதற்கு மேல் எழுதும் நிலையில் இல்லை.

மெர்சி


காரைக்குடி,
11.8.1996

அன்புள்ள அக்கா,

இனிமேல் நீ என்றே எழுதுகிறேன். மரியாதை கொடுத்துக் கை வலிக்கிறது.

ஆமாம், அதற்காகத்தான் சொல்லவில்லை. ஆஷ்லினுக்கு மூன்று மாசம் இருக்கும்போது அம்மாவிடம் அழுதேன். அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து, "அக்காட்ட மூச்சு விடாத. பாஸ்போட்டு வந்துருச்சு. தெரிஞ்சா அவ போகமாட்டா, இங்கனயே கெடந்து சாவா" என்றாள். சரியென்றேன். நீ போக வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். போன பிறகு எப்படிச் சொல்வது? ஒரு வருஷம் சொல்லாததைப் பத்து வருஷம் கழித்துச் சொன்னால், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்பதுதான் பெரிதாகிப்போகும்.

நான் பெரிய மனசுக்காரி என்று நினைத்துவிடாதே. குழாயடியில் விடியற்காலையில் சேலையை அலசும்போது எத்தனையோ நாள் உன் கையைச் சபித்திருக்கிறேன். அது விளங்காமல் போகட்டும் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வீடு நிறையச் சொந்தத்தின் நடுவில் நீ கேட்டபோது, "நீ தச்ச லட்சணம்தான்டி இது" என்று நாக்கு நுனி வரை வந்தது. அம்மாவைப் புதைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, விழுங்கிவிட்டேன்.

இப்போது மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. டிசம்பர் விடுமுறையில் ஜெரால்டோடு சென்னைக்குப் போகிறேன். கிழிந்திருந்தால் கிழிந்திருக்கட்டும். எப்படியும் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். சும்மா குழாயடியில் நின்று திட்டிக்கொண்டிருப்பதற்கு எனக்கும் வயசாகிறது.

பூரணி


காரைக்குடி,
4.1.1997

அன்புள்ள அக்கா,

ஆகஸ்ட்டில் எழுதினேன். ஐந்து மாசமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டைகூட இல்லை. நீ என்ன செய்துகொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். வேலை முடிந்து வந்து உன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உன் தையல் விடவில்லை.

சென்னையில் லேடி டாக்டர்தான் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார். பிறகு ஊசி போட்டு நரம்பைச் சோதித்தார். ஒரு மணி நேரம் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், வெட்கப்படுவதற்கும் அலுத்துவிட்டது. கடைசியில் டாக்டர் கேட்டார், "இது யார் தைத்தது?" "எங்க அக்கா. நர்ஸ்" என்றேன். "நல்ல கை. இவ்வளவு ஆழக் கிழிசல் இப்படிச் சேர்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. தசை முழுசாக இருக்கிறது" என்றார்.

போயிருப்பது நரம்பு. எத்தனை மணி நேரம் வலி இருந்தது என்று கேட்டார். இரண்டு நாள் என்றேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பிள்ளைத் தலை அவ்வளவு நேரம் இடித்துக்கொண்டு நின்றால் நரம்பு நசுங்காமல் என்ன செய்யும் என்றார்.

அம்மா காத்திருந்ததாக நீ எழுதியிருந்தாய். அம்மா இல்லை அக்கா, நான். முன்னே இரண்டு கலைந்துபோயிருந்தது உனக்குத் தெரியும். செபஸ்தியார் சப்பரம் வாசலுக்கு வந்து, என் கையால் மாலை போட்ட பிறகுதான் வண்டியேறுவேன் என்று நேர்ந்துகொண்டேன். அந்த வருஷம் பார்த்து, எந்தத் தெருவுக்கு முதலில் வருவது என்று சண்டை. சப்பரம் ஒரு நாள் முழுக்கக் கோயில் வாசலிலேயே நின்றது. அம்மா, "போதும் வாடி, சாமி கோவிச்சுக்கிறாது" என்று கெஞ்சினாள். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றேன். அம்மா சாகும்வரை அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். நான் உன் தலையில் போட்டேன். செபஸ்தியாரைச் சொல்லியும் குற்றமில்லை, அவரே தெருச் சண்டையில் மாட்டிக்கொண்டு நின்றவர்.

உன் கையைச் சபித்ததைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். எடுத்துக்கொள்ள முடியுமா என்று தெரியவில்லை. ரிப்போர்ட் நகல் இதோடு வைத்திருக்கிறேன். உன் டாக்டரிடம் காட்டு.

பூரணி


ஜெர்மனி,
30.1.1997

பூரணிம்மா,

வார்டில் வைத்தே படித்தேன். ஒரு கிழவி தன் கைக்குட்டையை எனக்குக் கொடுத்தாள். நோயாளி நர்சுக்குக் கண் துடைக்கிற ஆஸ்பத்திரி இது.

ரிப்போர்ட்டை டாக்டர் பார்த்தார். அவருக்கு வேண்டியது இப்படிப்பட்ட ஆள்தானாம். தன் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார். வரிசை இருக்கிறது, அடுத்த வருஷம் ஏப்ரல் ஆகும். அதற்குள் பாஸ்போர்ட் எடு. விமானத்தில் கழிப்பறைக்குப் பக்கத்து இருக்கை வாங்கிவிடலாம். நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், பையில் எத்தனை சேலை வேண்டுமானாலும் வைத்துக்கொள், நனைந்தால் நான் அலசுகிறேன். எனக்கு அலச வேண்டிய பாக்கி இருக்கிறது. தையல் விடாவிட்டாலும் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். அன்று கல்லறையில் நான் இரண்டு பிடி மண் போட்டேன். இரண்டாவது உனக்காக. அன்பால் இல்லை, ஆத்திரத்தில். அவள் வரமாட்டாள், அவளுக்கும் சேர்த்து நானே போடுகிறேன் என்று எறிந்தேன். பெட்டி மேல் கல் விழுந்த மாதிரி சத்தம் கேட்டது. கோயில் உபதேசியார் ஞானசேகர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சத்தத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இத்தனை நாள் இருந்தது.

மெர்சி


காரைக்குடி,
3.11.1998

அன்புள்ள அக்கா,

நீ என்னை ஊரில் விட்டுவிட்டுப் போய் ஐந்து மாசமாகிறது. பெட்டி அடிவயிற்றில் சமர்த்தாக இருக்கிறது. குனியும்போது கொஞ்சம் உறுத்தும். பெட்டியை அணைப்பதற்குக் கொடுத்த காந்தத்தை ஆஷ்லின் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள். ஜெரால்டு என்னை டிரான்ஸ்பார்மர் இருக்கிற தெரு வழியாகவே விடுவதில்லை. ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்னதை நம்பமாட்டேன் என்கிறார், கரண்டைப் பற்றி ஜெர்மன்காரனைவிடத் தனக்குத்தான் தெரியுமாம். எனக்கு இன்னமும் நடுநடுவே கால் பெருவிரலைப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. அது மடங்கியபோது நீ என் காலைப் பிடித்துக்கொண்டு அழுததும், அந்த டாக்டர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றதும் ஞாபகம் வரும்.

முழுக்கக் குணமாகிவிட்டது என்று எழுதினால் பொய். மாசத்தில் இரண்டு தடவை தவறுகிறது. சாக்பீஸ் பெட்டிக்கு அடியில் இருக்கும் சேலையை நாகவல்லி எடுக்கவில்லை. "அது பாட்டுக்கு இருக்கட்டும் டீச்சர்" என்கிறாள். அலுப்பும் போகவில்லை. இத்தனை வருஷம் காவல் காத்த உடம்பு, இனிமேல் தூங்கலாம் என்று சொன்னால் உடனே தூங்கிவிடுமா? ஆனால் காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறுகிறேன். இந்த ஆவணியில் பஸ் ஸ்டாண்டில் காபி குடித்தேன். நடுக்கத்தோடு குடித்தேன், அரை டம்ளர்.

இப்போது நேற்றைய விஷயம். கல்லறைத் திருநாள். அம்மா ஊருக்கு, தேவகோட்டைக்குப் போனோம். அம்மா கல்லறைக்கு ஜெரால்டு வெள்ளையடித்தார், ஆஷ்லின் பூ வைத்தாள். பூசை முடிந்து சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். நல்ல கூட்டம். சொந்தமெல்லாம் இருந்தது, தலைக்கனக்காரி வந்திருக்கிறாளே என்று பார்த்தார்கள். நான் ஓரத்தில் நிற்கவில்லை, நடுவில் நின்றேன்.

சாமியார் பத்துக் கல்லறை தள்ளி இருக்கும்போது வயிறு கூப்பிட்டது. கூப்பிட்டது அக்கா. வந்த பிறகு தெரியவில்லை, வருவதற்கு முன்னால் தெரிந்தது. பழைய பயத்தில் கால் ஓடப் பார்த்தது. அடக்கிப் பார்த்தேன், அடங்கியது. ஜெரால்டிடம், "வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு உபதேசியார் வீட்டுக்கு நடந்து போனேன். ஓடவில்லை. அவர் சம்சாரத்திடம் கேட்டு, கொல்லைக் கக்கூஸுக்குப் போய், சேலை காய்ந்தபடியே வெளியே வந்தேன். "தண்ணி குடிச்சிட்டுப் போறீகளா டீச்சர்?" என்று அந்த அம்மா கேட்டார். குடித்தேன், நேரமிருந்தது.

திரும்பி வந்தேன். சாமியார் அம்மாவுக்கு இன்னும் மூன்று கல்லறை தள்ளித்தான் நின்றார். ஜெரால்டு என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

தீர்த்தம் தெளித்து முடித்ததும் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தேன். நாலு வருஷம் கழித்து யாராவது மண் போடுவார்களா என்று ஒரு சித்தி கேட்டார். அம்மா மேல் மெதுவாகப் போட்டேன், சத்தமே வரவில்லை. நீ எறிந்ததற்கும் சேர்த்துத்தான்.

ஆஷ்லின் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "கையக் கழுவுங்கம்மா" என்றாள். பதினைந்து வருஷமாகக் கழுவிக்கொண்டே இருந்த கை. அப்புறம் கழுவுகிறேன் என்று சொல்லிவிட்டு, மண்ணோடு கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

பூரணி